நடுத்தர நிலை சிறுநீரக நோய்: ஒரு பரிசோதனை போதாது, மூன்று மாத ஆவணமே நோயை உறுதி செய்யும்

மும்பை: நாள்பட்ட சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாவது நிலை ‘நடுத்தர நிலை’ எனப்படுகிறது. சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்ட இந்நிலையில் பெரும்பாலானோருக்கு வலியோ, கால் வீக்கமோ, சிறுநீர் குறைவோ இருப்பதில்லை. ஆனால் நோயின் வேகத்தை மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் பெருமளவு குறைக்க இயலும் காலமும் இதுவே. பலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். சிலருக்கு அந்நாள் வராமலே தவிர்க்கலாம்.

இந்தியாவில் இந்த வாய்ப்பு பெரும்பாலும் தவறிப்போகிறது. இந்திய நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டில் இடம்பெற்ற 52,273 நோயாளிகளின் விவரங்கள் 2012-இல் வெளியாயின. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதன்முறையாக நிபுணரிடம் வந்தபோதே ஐந்தாம் நிலையில், அதாவது சிறுநீரகச் செயலிழப்பில் இருந்தனர். நோய்க்கான காரணங்களில் நீரிழிவு 31 சதவீதத்துடன் முதலிடத்தில் இருந்தது. 16 சதவீதத்தினருக்குக் காரணமே அறியப்படவில்லை. 2013-இல் வெளியான ‘சீக்’ ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 17.2 சதவீதத்தினரிடம் சிறுநீரக நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. மூன்றாம் நிலையில் இருந்தோர் 4.3 சதவீதம்.

டிராம்பேயில் இது ஏன் முக்கியம்?

மும்பையின் கிழக்குக் கரையில் உள்ள டிராம்பே, பாபா அணு ஆராய்ச்சி மையத்தால் நாடறிந்த பகுதி. அங்குள்ள சீத்தா கேம்ப், 1976-இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது இடம் மாற்றப்பட்ட மக்களால் உருவான குடியிருப்பு. அந்த வெளியேற்றத்துக்கு எதிராக மக்களைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் இருந்து மும்பைக்கு வந்த தமிழர். இன்றும் இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன.

இத்தகைய குடும்பங்களில் ஒரே நோயாளியின் சிகிச்சை பல இடங்களில் சிதறிக் கிடப்பது இயல்பு. அன்றாடக் காய்ச்சலுக்குத் தெருமுனை மருத்துவர். பெரிய நோய்க்குக் கோவண்டியில் உள்ள மாநகராட்சி சதாப்தி மருத்துவமனை அல்லது சயான் மருத்துவமனை. விடுமுறையிலோ முதுமையிலோ சொந்த ஊர் திரும்பினால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம். ஒவ்வோர் இடத்திலும் புதிய கேஸ் பேப்பர் எழுதப்படுகிறது. பழைய அறிக்கை கையில் இல்லையெனில் ஒவ்வொரு மருத்துவரும் நோயை முதல் நாளிலிருந்து பார்க்க நேரிடுகிறது. மற்ற பல நோய்களில் இது சிரமம் மட்டுமே. சிறுநீரக நோயிலோ நோயறிதலே தடைபடுகிறது. ஏனெனில் இந்நோயின் இலக்கணத்திலேயே காலம் அடங்கியுள்ளது.

நிலைகள் எவ்வாறு பிரிக்கப்படுகின்றன?

சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தை வடிகட்டுகின்றன என்பதே அடிப்படை அளவு. ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. ஆய்வக அறிக்கைகளில் ‘இ-ஜிஎஃப்ஆர்’ என்று அச்சிடப்படுவது இதுவே.

இந்த அளவு 90-க்கு மேல் இருந்தால் முதல் நிலை. 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை. இவ்விரு நிலைகளிலும் சிறுநீரில் புரதம் போன்ற வேறு சான்று இருந்தால் மட்டுமே நோய் எனக் கொள்ளப்படும். 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை. 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15-க்குக் கீழ் ஐந்தாம் நிலை.

இந்த ஐந்து நிலைப் பகுப்பை 2002-இல் அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை அறிமுகப்படுத்தியது. 2012-இல் ‘கேடிகோ’ எனப்படும் சர்வதேச வழிகாட்டுதல் அமைப்பு மூன்றாம் நிலையை இரண்டாகப் பிரித்தது. 45 முதல் 59 வரை 3ஏ. 30 முதல் 44 வரை 3பி. இரண்டுக்கும் இடையே ஆபத்தின் அளவு வெகுவாக வேறுபடுவதே இதற்குக் காரணம். எனவே அறிக்கையில் ‘மூன்றாம் நிலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஏ அல்லது பி என்ற குறிப்பும் தேவை.

ஒரே கிரியேட்டினின், இரு வேறு பொருள்

கிரியேட்டினின் அளவை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என முடிவு செய்வது பரவலான தவறு. கிரியேட்டினின் தசையிலிருந்து உருவாகும் கழிவுப் பொருள். தசை மிகுந்த இளைஞருக்கு இயல்பான அளவு, மெலிந்த மூதாட்டிக்கு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, கிரியேட்டினின் 1.2 மில்லிகிராம் எனக் கொள்வோம். 2021-இல் வெளியான கணக்கீட்டு முறைப்படி, 25 வயது ஆணுக்கு இது ஏறத்தாழ 86 என்ற வடிகட்டும் வீதத்தைக் குறிக்கும். அதே 1.2 அளவு 60 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 52 மட்டுமே, அதாவது 3ஏ நிலை. சில ஆய்வகங்களின் அறிக்கையில் இவ்விரண்டும் இயல்பான வரம்புக்குள் இருப்பதாகவே தோன்றும். ஆகவே இ-ஜிஎஃப்ஆர் அச்சிடப்படாத அறிக்கையை மருத்துவரிடம் காட்டி, அந்த அளவைக் கணக்கிட்டு எழுதித் தருமாறு கேட்பது அவசியம்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் அளவுக்கு மீறிய இறைச்சி உணவு, கடும் உடற்பயிற்சி, தசை வளர்ச்சிக்கான கிரியேட்டின் பொடி ஆகியவை கிரியேட்டினினை உயர்த்திக் காட்டக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றின்போது எடுக்கப்படும் அளவும் நிலையான அளவு ஆகாது.

சிறுநீர்ப் பரிசோதனை ஏன் கட்டாயம்?

ரத்தப் பரிசோதனை வடிகட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கூறுகிறது. அந்த வடிகட்டி கசிகிறதா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையே கூறும். சிறுநீரில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைக் கிரியேட்டினினுடன் ஒப்பிட்டு இது அளவிடப்படுகிறது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவான அல்புமின் இருந்தால் ஏ1. 30 முதல் 300 வரை ஏ2. 300-க்கு மேல் ஏ3.

நிறம் மாறும் பட்டையைக் கொண்டு செய்யப்படும் சாதாரணப் பரிசோதனை, தொடக்கக்கட்டக் கசிவைத் தவறவிடலாம். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரே இப்பரிசோதனைக்கு ஏற்றது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மாதவிடாய் ஆகிய நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடும்பத்தில் சிறுநீரக நோய் ஆகியவை உள்ளவர்கள் இவ்விரு பரிசோதனைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்துகொள்வது நல்லது.

மூன்று மாத விதி

குறைந்த வடிகட்டும் வீதமோ, புரதக் கசிவோ குறைந்தது மூன்று மாதங்கள் நீடித்தால் மட்டுமே அது ‘நாள்பட்ட’ நோய். அதற்கு முன் அது தற்காலிகப் பாதிப்பாகவும் இருக்கலாம். கடும் வயிற்றுப்போக்கு, டெங்கு, எலிக்காய்ச்சல், வலி மாத்திரை ஆகியவற்றால் திடீரெனக் குறையும் சிறுநீரகத் திறன் பலருக்கு மீண்டும் சீராகிவிடுகிறது.

எனவே முதல் அறிக்கை ஒரு கேள்வியை மட்டுமே எழுப்புகிறது. மூன்று மாதங்களுக்குப் பின் வரும் இரண்டாவது அறிக்கையே விடை தருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால், இந்தக் காத்திருப்பே தேவைப்படாமல் போகலாம். அன்றும் அளவு குறைவாக இருந்ததெனில் நோய் நாள்பட்டது என்பது அன்றைக்கே தெளிவாகும். அன்று இயல்பாக இருந்ததெனில், அண்மையில் ஏற்பட்ட பாதிப்புக்கான காரணத்தை உடனே தேட வேண்டும்.

சிறுநீரகங்களின் அளவையும் அடைப்பையும் அறிய அல்ட்ராசவுண்ட் எடுக்கப்படும். நீரிழிவு நோயாளிகளுக்கு விழித்திரைப் பரிசோதனையும் காரணத்தை உறுதிப்படுத்த உதவும்.

துல்லியமான அளவு தேவைப்படும்போது

இ-ஜிஎஃப்ஆர் என்பது மதிப்பீடு மட்டுமே. சிறுநீரக தானம் செய்ய முன்வருவோர் போன்றவர்களுக்கு நேரடி அளவீடு தேவைப்படலாம். அப்போது டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த டிடிபிஏ மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி, அது உடலிலிருந்து வெளியேறும் வேகம் அளக்கப்படுகிறது. இதன் அரை ஆயுள் சுமார் ஆறு மணி நேரம் மட்டுமே என்பதால் கதிரியக்கம் விரைவில் தணிந்துவிடும். இத்தகைய மருத்துவப் பயன்பாட்டுக்கான ஐசோடோப்புகளின் உற்பத்தி, டிராம்பேயில் உள்ள ஆராய்ச்சி உலைகளின் பணிகளில் ஒன்று. எனினும் மூன்றாம் நிலை நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு இச்சோதனை தேவையில்லை. எளிய ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் தொடர்ந்து செய்யப்பட்டால் போதுமானது.

சிகிச்சையின் தூண்கள்

ரத்த அழுத்தம்: மேல் அளவை 120-க்குக் கீழ் வைக்குமாறு 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. தலைச்சுற்றல், முதுமை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு 130/80 என்ற இலக்கைப் பின்பற்றும் மருத்துவர்களும் உள்ளனர்.

புரதக் கசிவைக் குறைக்கும் மருந்துகள்: டெல்மிசார்டான், லோசார்டான், ராமிபிரில், எனலாபிரில் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதுடன் வடிகட்டியின் உள்ளழுத்தத்தையும் தணிக்கின்றன. இரு வகைகளையும் ஒருசேர உட்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இவை உகந்தவை அல்ல.

புதிய வகை மாத்திரைகள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை முதலில் நீரிழிவுக்கென வந்தவை. 4,304 பேர் பங்கேற்று 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களிடமும் சிறுநீரகச் சரிவை டாபாகிளிஃப்ளோசின் குறைப்பது தெரியவந்தது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020-இலும், எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025-இலும் முடிவடைந்தன. அதன்பின் குறைந்த விலையில் ஜெனரிக் மாத்திரைகள் சந்தைக்கு வந்துள்ளன.

சர்க்கரையும் கொழுப்பும்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவுக்கான இலக்கை வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மருத்துவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு வடிகட்டும் வீதம் 45-க்குக் கீழ் இறங்கினால் அளவைக் குறைப்பது குறித்து ஆராய வேண்டும்; 30-க்குக் கீழ் இறங்கினால் அதை நிறுத்த வேண்டும். 50 வயதைக் கடந்தோருக்கு ஸ்டாட்டின் வகை மாத்திரையும் பரிந்துரைக்கப்படுகிறது. மூன்றாம் நிலை நோயாளிகளில் பலருக்கு டயாலிசிஸைவிட மாரடைப்பும் பக்கவாதமுமே பெரிய ஆபத்து. புகையிலையைக் கைவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உணவில் கவனம்

ஒரு நாளுக்கான உப்பு, உணவில் மறைந்துள்ளதையும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி அளவான ஐந்து கிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடாபாவுடன் தரப்படும் உப்பிட்ட மிளகாய் ஆகியவை இந்த வரம்பை எளிதில் மீறச் செய்பவை. ‘குறைந்த சோடியம் உப்பு’ என விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் கலந்திருப்பதால், மருத்துவர் ஆலோசனையின்றி அவற்றைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

புரதத்தை அறவே ஒதுக்கத் தேவையில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். இளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றை எல்லா நோயாளிகளும் கைவிட வேண்டியதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்திருந்தால் மட்டுமே கட்டுப்பாடு தேவை. இந்நிலையில் தண்ணீரைக் குறைக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலானோருக்கு இல்லை.

தவிர்க்க வேண்டியவை

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி உட்கொள்வது சிறுநீரகத்துக்குப் பெரும் தீங்கு விளைவிக்கும். உட்பொருள் அறியப்படாத பொடிகளும் கன உலோகம் கலந்த மருந்துகளும் அத்தகையவையே. ஸ்கேன் எடுக்கும்போது சாய ஊசி போடப்படுமெனில் சிறுநீரக நோய் இருப்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும் நாள்களில் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எவற்றை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மருந்தால் உயரும் கிரியேட்டினின்

டெல்மிசார்டான், ராமிபிரில் போன்றவற்றைத் தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பரிசோதிக்கப்பட வேண்டும். கிரியேட்டினின் சற்று உயர்வது எதிர்பார்க்கப்படுவதே. நான்கு வாரங்களுக்குள் 30 சதவீதம் வரையிலான உயர்வு பொதுவாக மருந்தை நிறுத்தக் காரணமாகாது. டாபாகிளிஃப்ளோசின் தொடங்கியபோதும் வடிகட்டும் வீதம் முதலில் சிறிது இறங்கிப் பின் நிலைபெறும்.

ஆவணத்தின் மதிப்பு வெளிப்படும் இடம் இது. மருந்து தொடங்கிய தேதியும் அதற்கு முந்தைய அளவும் எழுதப்பட்டிருந்தால், வேறு ஊரில் பார்க்கும் மருத்துவரும் அந்த உயர்வு எதிர்பார்த்ததே என்று அறிவார். எழுதப்படாவிட்டால், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்ததாகக் கருதப்பட்டு நிறுத்தப்படக்கூடும். இதற்கு நேர்மாறாக, ஓராண்டில் 5-க்கு மேல் இறங்கும் உண்மையான சரிவும் பழைய அளவு இல்லாததால் கவனிக்கப்படாமல் போகலாம்.

கோப்பில் இருக்க வேண்டியவை

1. நோய்க் குறிப்பு: காரணம், வடிகட்டும் நிலை, அல்புமின் நிலை ஆகிய மூன்றும் ஒரே வரியில் இடம்பெற வேண்டும். ‘நீரிழிவு சிறுநீரக நோய், ஜி3ஏ, ஏ2’ என்பது ஓர் எடுத்துக்காட்டு. உலக சுகாதார அமைப்பின் நோய்க் குறியீட்டில் மூன்றாம் நிலைக்கு உரியது என்18.3.

2. அளவுப் பட்டியல்: தேதி, ஆய்வகத்தின் பெயர், கிரியேட்டினின், இ-ஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின் விகிதம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சராசரிச் சர்க்கரை ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுத வேண்டும்.

3. மருந்துப் பட்டியல்: பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்தப்பட்டிருந்தால் அதன் காரணம்.

4. வீட்டில் அளந்த ரத்த அழுத்தக் குறிப்புகள்.

5. அல்ட்ராசவுண்ட் அறிக்கை, டிஸ்சார்ஜ் கார்டு, தடுப்பூசி விவரம்.

கேஸ் பேப்பர் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கலாம். அளவுகளும் தேதிகளும் எல்லா ஊரிலும் ஒன்றே. வெப்பத்தில் எழுத்து மங்கும் தாள்களையும், மழைக்காலத்தில் நனையக்கூடியவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். 2021 செப்டம்பரில் தேசிய அளவில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க ‘ஆபா’ எண்ணுடன் மருத்துவப் பதிவுகளை இணைக்கவும் வழியுண்டு.

நோய் முற்றினால் உதவி பெறவும் இந்தக் கோப்பு துணைநிற்கும். மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் டயாலிசிஸ் சிகிச்சை இடம்பெற்றுள்ளது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016 முதல் செயல்படுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகள் வீடு தேடி வழங்கப்படுகின்றன. தனியார் காப்பீடு எடுப்போர் நோயை மறைக்காமல் தெரிவிப்பது முக்கியம். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி 36 மாதங்களுக்கு மிகக் கூடாது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

3ஏ நிலையில் புரதக் கசிவு இல்லாதோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். ஏ2 எனில் இருமுறை, ஏ3 எனில் மும்முறை. 3பி நிலையில் ஏ1 எனில் இருமுறை, ஏ2, ஏ3 எனில் மும்முறை தேவை. அல்புமின் 300-ஐத் தாண்டினாலோ, சிறுநீரில் காரணமின்றி ரத்தம் தெரிந்தாலோ, அளவு வேகமாகச் சரிந்தாலோ, பொட்டாசியம் தொடர்ந்து உயர்ந்திருந்தாலோ, வடிகட்டும் வீதம் 30-ஐ நெருங்கினாலோ சிறுநீரகவியல் நிபுணரை அணுக வேண்டும்.

சிறுநீர் வெகுவாகக் குறைதல், மூச்சுத்திணறல், முகத்திலும் காலிலும் திடீர் வீக்கம், தசைகள் தளர்ந்து இதயத்துடிப்பு சீரற்றுப் போதல், குழப்பம் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் குடும்ப அட்டையையும் குடியிருப்புச் சான்றான போட்டோ பாஸையும் குடும்பங்கள் பல்லாண்டுகளாகப் பத்திரப்படுத்தி வருகின்றன. சிறுநீரக நோயாளியின் பரிசோதனை அறிக்கைகளும் அதே பெட்டியில், அதே கவனத்துடன் பாதுகாக்கப்பட வேண்டியவை.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருந்துகளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் ஆலோசனைப்படியே நடைபெற வேண்டும்.